அடெல்ஹைட்டின் கோவைகள்

அன்றைக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர். முதலாம் வகுப்புப் பிள்ளைகளின் அறை என்பதால் கதிரைகள் எல்லாம் முழங்கால் உயரம். ஆசிரியர் மேசைக்குப் பின்னால் கிடந்த ஒரேயொரு பெரிய கதிரையில் தலைவர் விஜயரத்தினம் இருந்தார். அவருக்கு வலப்பக்கம், மேசை மூலையில், தாளும் பேனையுமாகச் செயலாளர் கமலநாயகி. ஜன்னலோரம் சூடாக்கிக்கு முதுகைக் கொடுத்தபடி ஆசிரியை டெல்சி. குட்டிக் கதிரை ஒன்றில் முழங்கால் நெஞ்சில் முட்டப் பெற்றோர் பிரதிநிதி பார்த்தசாரதி; அவர் கும்பகோணத்துக்காரர், கணினி வேலை, மகன் இரண்டாம் வகுப்பு. கதவடியில், கார்ச் சாவியைக் கையில் பிடித்துக்கொண்டு, இந்தா எழும்பப் போகிறேன் என்பது போலக் கமலநாயகியின் கணவர் கணேசலிங்கம். கரும்பலகைக்குக் கீழே சுவரில் சாய்ந்து, மண்ணிறத் தாளில் சுற்றிக் கட்டியபடி ஆறாவதாக ஒருத்தி. கூட்டக் குறிப்பில் அவளைக் கமலநாயகி சேர்க்கவில்லை. ஆனால் அன்று நடந்த அவ்வளவுக்கும் அவள்தான் காரணம்.

அவள் பெயர் அடெல்ஹைட் டெர்ஹோவன். செத்து நூறு வருசத்துக்கு மேலாகிறது. பெண்பிள்ளைகள் தூரிகை பிடித்தால் பூவோடும் பழத்தோடும் நிற்க வேண்டும் என்றிருந்த காலத்தில் கலைக்கழகத்தின் கதவைத் தட்டியவள். கதவு திறக்கவில்லை. பிறகு தன் வீட்டுப் பின்வளவுச் சலவைக்கூடத்தில் தன்பாட்டில் வரையத் தொடங்கினாள். டுசல்டோர்ஃபின் ஓரத்திலிருந்த அந்த வீடு பிறகு பள்ளிக்கூடமாகி, பிறகு நகரசபையின் பொதுக் கட்டடமாகி, இப்போது சனிக்கிழமைகளில் அதில் தமிழ்ப் பாடசாலை நடக்கிறது. கட்டடத்துக்கு அடெல்ஹைட்டின் பெயரை வைக்க நகரசபைக்கு யோசனை வந்தது. அதைப் பாவிக்கிற சங்கங்கள் எல்லாம் சம்மதமா இல்லையா என்று எழுதித் தர வேண்டும். சம்மதமென்றால் அவள் வரைந்த படம் ஒன்றின் பிரதி மண்டபச் சுவரில் தொங்கும். இத்தனையையும் சொல்லி, அவளைப் பற்றி ஒரு துண்டுப்பிரசுரமும் வந்திருந்தது.

பிரசுரத்தைத் தமிழில் ஆக்கியது கமலநாயகி. வேறு யார் செய்வது? ஊரில் நெல்லியடிப் பள்ளிக்கூடத்தில் படித்த நாளிலேயே அவள் கையில் கடிதம் ஒழுங்காக இறங்கும். வலப்பக்கம் முகவரி, கீழே திகதி, விளிப்பு, அதன் பிறகு பொருள், சங்கதி அதற்கும் பிறகு. அந்த ஒழுங்கு ஜெர்மன்காரருக்கும் பிடித்துப்போனது. ஊர்ச்சனம் முழுக்க அவளிடம்தான் கடிதம் எழுத வரும். அதனால் அவளுடைய ஜெர்மன் முழுவதும் கந்தோர் ஜெர்மன், அரச அலுவலகங்களின் ஜெர்மன். அக்டெ என்றால் கோவை, கந்தோர் ஃபைல். அக்டன்சைஹன் என்றால் கோவை இலக்கம். அகதி வழக்கு நடந்த காலத்து இலக்கத்தை இன்றைக்கும் நித்திரையில் கேட்டால் சொல்லுவாள். ஆகவே பிரசுரத்தில் ‘அக்ட்சால்’ என்று ஒரு சொல் வந்தபோது அவள் அகராதியைத் தொடவில்லை. சால் என்றால் கூடம். அக்ட் என்றால் வால் அறுந்த அக்டெ. தலைமாட்டில் வைத்துப் படுத்த சொல்லை யாராவது அகராதியில் தேடுவார்களா?

இப்படித்தான் எழுதினாள்: ‘பெண் என்ற காரணத்தால், ஒழுக்கம் கருதி, அவருக்குக் கோவைக் கூடத்துள் நுழைய அனுமதி மறுக்கப்பட்டது. அவர் மீண்டும் மீண்டும் விண்ணப்பித்தார். இறுதியில் தமது வீட்டுச் சலவைக்கூடத்திலேயே கோவைகளை உருவாக்கினார். அக்கோவைகளே அவருக்குப் புகழ் தேடித் தந்தன.’

படம் வரைகிற மனுசிக்குக் கோவை எதற்கு என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவர் கேட்கத்தான் செய்தார். “இந்த நாட்டிலை கோவை இல்லாமல் என்ன நடக்கும்?” என்று நாலு பேர் ஒரே குரலில் அடக்கிவிட்டார்கள். விஜயரத்தினம் எழும்பிப் பேசினார். அவருடைய கோவை ஒரு கந்தோரில் தொலைந்து வருசக்கணக்காக அலைந்தவர் அவர். “ஒரு கோவைக்காக அந்தக் காலத்திலேயே ஒரு பெண்பிறப்பு எவ்வளவு அலைஞ்சிருக்குது! அவள் ஜெர்மன்காரி இல்லை, எங்களிலை ஒருத்தி,” என்று சொல்லும்போது கண் நிறைந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கை தட்டல். ஏகமனதாகச் சம்மதம். நகரசபைக்கும் அதைத் தொலைபேசியில் சொல்லியாகிவிட்டது. சம்மதக் கடிதம் மட்டும்தான் எழுதிப் போட வேண்டியிருந்தது; அதை முடிக்கத்தான் இந்தச் செயற்குழுக் கூட்டம். படம் காலையில்தான் வந்து இறங்கியிருந்தது.

“அவிழுங்கோ, மனுசியைப் பாப்பம்,” என்றார் விஜயரத்தினம்.

பார்த்தசாரதி கணேசலிங்கத்தின் சாவியை வாங்கி ஒட்டுப்பட்டியைக் கிழித்தார். தாள் சரிந்தது.

மனுசி இல்லை. ஒரு ஆம்பிளை. முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். முன்னால் ஒரு மரத்தொட்டி, சுற்றிவர ஆவி. நிலக்கரி சுமக்கிறவனாக இருக்க வேண்டும். தோள்மூட்டில் கரி அப்படியே இருந்தது, இடுப்புக்குக் கீழே கழுவியாகிவிட்டது. பிடரியிலிருந்து குதிக்கால் வரை ஒரு நூல் துணி கிடையாது.

கணேசலிங்கம் ஜன்னலுக்கு வெளியே கார்த் தரிப்பிடத்தைப் பார்த்தார்.

“உடுப்பைக் காணேல்லை,” என்றார் விஜயரத்தினம்.

“குளிக்கிறார் அண்ணை,” என்றாள் டெல்சி. “குளிக்கேக்கை கோட்டுப் போட்டுக்கொண்டோ நிக்கிறது?”

“நாங்கள் குளிக்கேக்கை ஆரும் பக்கத்திலை நிண்டு படம் கீறுறேல்லை.”

சட்டத்தின் கீழே சின்னப் பித்தளைத் தகடு. பார்த்தசாரதி குனிந்து, கைப்பேசியைத் தகட்டுக்கு நேரே பிடித்தார். “மேடம், ‘றூக்கன்அக்ட்’னு போட்டிருக்கு. டிரான்ஸ்லேட்டர்ல நியூட், பேக் வியூன்னு வருது.”

“இல்லைத் தம்பி,” என்றாள் கமலநாயகி. “றூக்கன் எண்டால் முதுகு. அக்ட் எண்டால் கோவை. முதுகுக்...” சொல்லும்போதே அவள் காதுக்கே அது கேட்டது. “...கோவை.”

“மேடம், ஃபைலுக்கு அக்டெ. இது அக்ட். ரெண்டும் வேற. இது வந்து, ட்ரெஸ் இல்லாம மாடலை நிக்க வெச்சு வரைவாங்களே, அது.”

கமலநாயகி தன் தமிழாக்கத்தை மனதுக்குள் மேலிருந்து கீழே ஓடவிட்டாள். கோவைக் கூடம் என்று வந்த இடமெல்லாம் உடுப்பில்லாத ஆட்கள் வந்து நின்றார்கள். ‘வீட்டுச் சலவைக்கூடத்திலேயே கோவைகளை உருவாக்கினார்.’ முருகா.

“அப்ப,” என்று தொடங்கினார் விஜயரத்தினம். அவருக்குக் கோபமா வெட்கமா என்று அவருக்கே பிடிபடவில்லை. “அப்ப அண்டைக்கு நான் அழுதது ஆருக்கு?”

பார்த்தசாரதி சமாளிக்கப் பார்த்தார். “சார், நம்ம கோயில் கோபுரத்துல இல்லாததா?”

“அது சாமி.”

“இது ஆசாமி. அவ்ளோதானே சார் வித்தியாசம்?”

“எங்கட கோயில்லை ஆண்டவரே சிலுவையிலை அப்பிடித்தானே தொங்குறார்,” என்றாள் டெல்சி.

“அதிலை ஒரு துண்டு கிடக்குதெல்லே பிள்ளை! துண்டு கிடக்குது! சரஸ்வதி பூசை வைக்கிற மண்டபச் சுவரிலையெல்லோ இது தொங்கப் போகுது. ஏடு தொடக்க வாற குஞ்சுகுருமான் எல்லாம்...” அவர் முடிக்கவில்லை. முடிக்காமல் படத்தை இன்னொருக்கால் பார்த்தார்.

டெல்சி எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று கமலநாயகியின் பக்கம் திரும்பினாள். “அக்கா, அப்ப தேனுஜா புதன்கிழமையளிலை போறது...”

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். ஆனால் சொல் போய்ச் சேர்ந்துவிட்டது. தேனுஜா கமலநாயகியின் மகள்; நகரசபைக் கந்தோரில் இரண்டாம் வருச ஆவுஸ்பில்டுங், எழுதுவினைஞர் பயிற்சி. போன இலையுதிர்காலத்தில் ஒரு நாள், “அம்மா, இனிப் புதன் பின்னேரங்களிலை எனக்கு அக்ட்சைஹ்னன் இருக்கு,” என்றாள். சைஹ்னன் என்றால் வரைதல். ஆனால் கமலநாயகியின் காதில் விழுந்தது அக்டன்சைஹன். ஜெர்மனில் எழுதிப் பார்த்தாலும் ஓர் எழுத்து விழுந்து ஓர் எழுத்து இடம் மாறியது மட்டும்தான் வித்தியாசம். கோவைக்கு இலக்கம் போடுகிற மேலதிக வேலை என்று அவள் எண்ணினாள். எண்ணியதோடு விட்டாளா? கோயிலில், கலியாண வீட்டில், மரக்கறிக் கடையில், “பிள்ளை இப்ப அக்டன்சைஹன் பாக்குறாள்,” என்று சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள். டெல்சி தன் தம்பியின் பிரஜாவுரிமைக் கோவை எந்த மேசையில் கிடக்கிறதென்று தேனுஜாவிடம் கேட்டுச் சொல்லும்படி இரண்டு முறை வந்து நின்றாள்.

கணேசலிங்கம் எழும்பிவிட்டார். “கார் தரிப்பு நேரம் முடியுது,” என்றார். அந்தத் தரிப்பிடத்தில் நேரக் கட்டுப்பாடே கிடையாது.

“சரி, முடிப்பம்,” என்றார் விஜயரத்தினம். “கடிதம் நாளைக்குப் போக வேணும். சம்மதமில்லை எண்டு எழுதாதையுங்கோ தங்கச்சி, ஏகமனதாய் ஓம் எண்டு சொல்லிப்போட்டம், வெக்கக்கேடு. சம்மதம் எண்டும் சும்மா எழுதாதையுங்கோ. ஒரு மாதிரி எழுதுங்கோ.”

“ஒரு மாதிரி எண்டால் எப்பிடி அண்ணை?”

“ஒரு மாதிரித்தான்.” வழக்கம்போல வெறும் கடிதத் தலைப்புத் தாளின் அடியில் ஒப்பத்தை வைத்து நீட்டினார். “உங்களுக்குத் தெரியாததே.”

*

காரை ஓட்டிய கணேசலிங்கத்துக்கு முதல் இரண்டு சமிக்ஞை விளக்குகளும் பச்சை காட்டின. மூன்றாவதில் சிவப்பு.

“இஞ்சேரும். அங்கை ஆம்பிளையளும் வருவினமோ?”

“எங்கை?”

“புதன்கிழமை.”

“எனக்கென்ன தெரியும்? நான் என்ன போய்ப் பாத்தனானே?”

“நீர்தானே சொன்னனீர், நல்ல வேலை, விடாதை எண்டு.”

பச்சை விழுந்தது. பின்னால் ஒருத்தன் ஹோர்ன் அடித்தான். அவள் மடியில் கிடந்த வெறும் தாளையும் அதன் அடியில் தனியே கிடந்த ஒப்பத்தையும் பார்த்தாள். ஆம், சொன்னவள் அவள்தான். இன்னொன்றும் இப்போது நினைவுக்கு வந்து நெஞ்சைக் கிள்ளியது. டெல்சியின் தம்பி விசயத்தைக் கேட்டபோது தேனுஜா சிரித்துக்கொண்டே சொன்ன பதில்: “அம்மா, அங்கை வாறவை ஒண்டுமில்லாமத்தான் வாறவை.” ஐயோ பாவம், பாஸ்போர்ட்டும் இல்லாமல் வருகிற சனம் போல என்று அவள் இரங்கியிருந்தாள். அடுத்த புதன், அந்த ஒண்டுமில்லாத சனத்துக்கென்று ஒரு டப்பாவில் வடை கட்டிக் கொடுத்தும் அனுப்பினாள். டப்பா வெறுமையாகத் திரும்பி வந்தது.

வீட்டில் தேனுஜா குசினி மேசையில் இருந்து தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். கணேசலிங்கம் சப்பாத்தைக் கழற்றியதும் நேரே உள்ளறைக்குப் போய்த் தொலைக்காட்சியைப் போட்டார். சத்தத்தைக் கூட்டவில்லை. கேட்க விருப்பம்தான், கேட்டதாகக் காட்டிக்கொள்ள விருப்பமில்லை.

“தேனு. புதன்கிழமை வடை ஆர் சாப்பிட்டது?”

மகள் நிமிர்ந்து பார்த்தாள். “எல்லாரும். மொடெலாய் நிண்ட கிழவிதான் கனக்கச் சாப்பிட்டவ. ஏன்?”

“கிழவியோ?”

“ஓம். எழுபது வயசு இருக்கும். முந்தி ட்ராம் ஓட்டினவவாம். சில நாள் ஒரு தாத்தா வருவார். நிண்டு நிண்டு காலிலை நரம்பு... என்னம்மா?”

கமலநாயகி கதிரையை இழுத்து இருந்தாள். இவ்வளவு காலமும் பெரிய இரகசியம் ஒன்றை மகள் மூடி வைத்திருந்தாள் என்றால் ஏசலாம். ஏசுவதற்கு வேண்டிய சொற்களைக் காரில் வரும்போதே ஒழுங்குபடுத்தியும் வைத்திருந்தாள். இங்கே மூடிய பெட்டியே இல்லை. கேட்டால் தோடம்பழச் சுளை மாதிரிப் பிய்த்துப் பிய்த்துத் தருகிறாள்.

“நான் அதை அக்டன்சைஹன் எண்டு விளங்கிப்போட்டன்,” என்றாள்.

தேனுஜாவுக்கு முதலில் பிடிபடவில்லை. பிடிபட்டதும் சிரித்தாள். சிரித்து, தோல் உரித்த கையோடு வாயைப் பொத்தி, கண்ணில் சாறு பட்டுக் கண் எரிந்து, எழும்பிப்போய்க் கழுவிக்கொண்டு வந்தாள். வரும்போது சிரிப்பு இல்லை.

“அப்ப நீங்கள் ஓம் எண்டது கோவைக்கோ?”

“பின்னை?”

“அம்மா, நான் அங்கை எல்லாருக்கும் சொன்னனான். என்ர அம்மாவுக்கு எல்லாம் தெரியும், நல்ல வேலை விடாதை எண்டு சொன்னவ, வடையும் தந்து விட்டவ எண்டு. என்னோடை கீறுற லேனான்ர தாய் ஜெர்மன்காரி, அவவே இன்னும் அவளோடை கதைக்கிறேல்லை. நான்தான் அங்கை பெரிய ஆள், உங்களாலை.” அவள் குரல் கீழே இறங்கியது. “மாப்பெ குடுத்திட்டன். கலைக்கழகத்திலை சேந்து படிக்க. படமெல்லாம் சேத்துக் கட்டி. அதுவும் நீங்கள் ஓம் எண்டபடியாலைதான் துணிஞ்சனான்.”

உள்ளறையில் தொலைக்காட்சியின் சத்தம் இன்னும் குறைந்தது.

கமலநாயகி மேசையில் கிடந்த தோடம்பழத் தோலைக் கூட்டி ஒதுக்கினாள். பிழையாய் விளங்கிக் கொடுத்த ஓம், ஓம்தானா? கடையில் பிழையான சாமானைத் தந்தால் திருப்பிக் கொடுக்கலாம், அதற்குச் சிட்டை வேண்டும். மகளிடம் கொடுத்த ஓமுக்கு ஏது சிட்டை? அந்தப் பிள்ளை அதை வைத்துக்கொண்டு ஒரு குளிர்காலம் முழுக்கத் தலைநிமிர்ந்து திரிந்திருக்கிறது. இப்போது அதை அவளிடமிருந்து பறிப்பதா? பறிக்காமல் விட்டால், நாளைக்கு டெல்சி முகத்தில் எப்படி முழிப்பது? அவளுக்கு மகளின் மேல் கோபமும் வந்தது. அந்தக் கோபத்தோடு ஒட்டிக்கொண்டு ஒரு பெருமையும் வந்தது. இரண்டில் எது தன்னுடையது, எது பிழையாய் வந்து சேர்ந்தது என்று பிரிக்க முடியவில்லை.

“சாப்பிட்டனியோ?” என்று மட்டும் கேட்டாள்.

*

ஞாயிறு காலை, கோப்பியைக் குடித்துவிட்டுக் கடிதத்துக்கு உட்கார்ந்தாள். முகவரி எழுதினாள். திகதி எழுதினாள். ‘உங்கள் குறியீடு’ என்ற இடத்தில் நகரசபை இந்த விசயத்துக்குக் கொடுத்திருந்த அக்டன்சைஹனை எழுத வேண்டும். ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லிச் சொல்லி எழுதினாள்.

பொருள். அங்கே பேனை நின்றுவிட்டது. பொருள் தெரியாமல் அவள் ஒரு கடிதமும் தொடங்கியதில்லை.

முதலில் இன்னொரு தாளில் வரைவு ஒன்று போட்டாள். பெயர் வைப்பது சரி, படம் மட்டும் வேண்டாம் என்று. ‘சிறுவர்கள் கல்வி கற்கும் இடமாகையால்’ என்று தொடங்கி, ‘ஒழுக்கம் கருதி’ என்று எழுத வேண்டிய இடத்துக்கு வந்தபோது அதற்குத் தகுந்த ஜெர்மன் சொல் வரவில்லை. எங்கேயோ பார்த்திருக்கிறாள், அண்மையில்தான். யோசித்துப் பார்த்து, பிரசுரத்தை எடுத்து விரலால் தடவிக்கொண்டு போனாள். இருந்தது. ‘ஆன்ஷ்டாண்ட்.’ ‘ஆன்ஷ்டாண்ட் கருதி.’ திருப்தியோடு அதைப் பார்த்து எழுதிக்கொண்டு வரியை முடித்தபோதுதான் அந்தச் சொல் அங்கே யார் வாயில் கிடக்கிறதென்று கவனித்தாள். அது கலைக்கழகம் அடெல்ஹைட்டுக்கு எழுதிய மறுப்புக் கடிதத்தின் சொல். சனங்கள் அவளை ‘மால்வைப்’ என்று அழைத்ததாக அதற்குக் கீழே இருந்தது. ‘ஓவியப் பெண்மணி’ என்று கமலநாயகி அதை மரியாதையாகத் தமிழாக்கியிருந்தாள். அகராதியை இப்போது எடுத்தாள். மரியாதை இல்லை. படங்கீறித் திரியிறவள் என்று எங்கள் ஊரில் முகத்தைச் சுளித்துச் சொன்னால் எப்படியோ, அப்படி.

ஒரு நாள் காலை அடெல்ஹைட்டின் வீட்டுக்கு ஒரு கடிதம் வந்திருக்கும். வலப்பக்கம் முகவரி, கீழே திகதி, ஒழுங்கான விளிப்பு. யாரோ ஒரு செயலாளர் அழகான எழுத்தில் எழுதியிருப்பான். அவனும் நல்ல மனுசனாகத்தான் இருந்திருப்பான். அவனுக்கும் யாராவது ஒரு தலைவர் ஒப்பம் வைத்த வெறும் தாளை நீட்டி, ஒரு மாதிரி எழுதும் என்று சொல்லியிருக்கலாம்.

கமலநாயகி வரைவைக் கிழித்தாள். கிழித்ததால் தெளிவு பிறந்துவிடவில்லை. அந்தப் படத்தை நினைத்தால் இப்போதும் அவளுக்குக் கூச்சம்தான். முதுகில் பாதி கரி, பாதி வெளிச்சம். அவ்வளவு வடிவாய்க் கீறியிருந்தது கூச்சத்தைக் கூட்டியதேயொழியக் குறைக்கவில்லை. சரஸ்வதியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் விடை கிடையாது.

கணேசலிங்கம் கோப்பிக் கோப்பையோடு வந்து கதவு நிலையில் சாய்ந்தார்.

“அந்தாள் எங்களுக்கு முதுகைத்தானே காட்டிக்கொண்டு நிக்குது,” என்றார். “பாக்க விருப்பமில்லாதவை தாங்களும் முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கட்டுமன்.”

“இதைக் கடிதத்திலை எழுதேலாது.”

“நான் கடிதத்துக்குச் சொல்லேல்லை.” அவர் மகளின் அறைக் கதவைப் பார்த்தார். “அவளின்ர படங்கள் எங்கை கிடக்கு? இல்லை, எனக்குக் காட்ட வேண்டாம். கிடக்கோ எண்டு கேட்டனான்.”

“குடுத்திட்டாளாம்.”

“ம்.” கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போனார்.

பிறகு அவள் எழுதத் தொடங்கினாள். பொருள்: திருத்தம். ‘உங்கள் பிரசுரத்திலிருந்த ஒரு சொல்லை எமது சங்கம் பிழையாக விளங்கிக்கொண்டது. அப்பிழை செயலாளருடையது. பிழையான விளக்கத்தின் பேரில் நாங்கள் ஏகமனதாகச் சம்மதித்தோம். சரியான விளக்கம் கிடைத்த பின் எங்களிடையே ஏகமனது இல்லை; குழப்பமே உண்டு. ஆயினும் கொடுத்த சம்மதத்தை எவரும் மீளக் கேட்கவில்லை. ஆகவே அது அப்படியே இருக்கிறது. படத்தைச் சுவரில் மாட்டலாம். எமது பூசை நாளன்று எந்தச் சுவரைப் பயன்படுத்துவது என்பதை நாங்கள் பேசித் தீர்மானிப்போம். பேச நாள் எடுக்கும். எமது பெற்றோருக்கான தமிழ்ப் பிரசுரத்தைத் திருத்தி மீண்டும் வழங்குவோம்.’

கடைசி வரியில்தான் மறுபடி சிக்கல். திருத்தி என்ன சொல் போடுவது? நிர்வாணம் என்று பாடசாலைத் தலைப்புத் தாளில் எழுத அவளால் ஏலாது. உடுப்பில்லாத என்றால் பஞ்சப்பட்டவர்கள் என்று நினைப்பார்கள். அதற்கும் வடை கட்டிக் கொடுக்க ஆள் இருக்கும்.

“தேனு, இஞ்சை வா. அக்ட் எண்டதுக்குத் தமிழிலை என்னெண்டு எழுதுறது?”

மகள் நித்திரைக் கண்ணோடு வந்து தோளுக்கு மேலால் கடிதத்தை வாசித்தாள். தமிழ் பேசுவாளே தவிரச் சொல் தேடுகிற அளவுக்குத் தமிழ் அவளிடம் கிடையாது. “உடம்பு?”

“உடம்பு எண்டால் டாக்குத்தரிட்டைப் போற மாதிரிக் கிடக்கு.”

“அப்ப மற்றது. சின்னனிலை பாடமாக்கினது. மெய் வாய் கண் மூக்குச் செவி. அதிலை மெய் எண்டால் உடம்பெல்லே?”

“மெய்யோ?” கமலநாயகி எழுதிப் பார்த்தாள். மெய்வரைவு. மெய்வரைவுக் கூடம். “மெய்யெழுத்துப் படிப்பிக்கிற இடமெண்டு சனம் நினைக்கும்.”

“நினைக்கட்டும். பிறகு விளங்கும்.” தேனுஜா குனிந்தாள். கடிதத்தில் ஒரு வரியின் கீழ் விரலை வைத்தாள். “இது. ‘கொடுத்த சம்மதத்தை எவரும் மீளக் கேட்கவில்லை.’ இது கட்டடத்துக்கு மட்டுமோ அம்மா?”

கமலநாயகி பேனை மூடியைத் தேடினாள். மூடி பேனையின் பின்பக்கத்திலேயே இருந்தது.

“எனக்குத் தெரியேல்லை பிள்ளை. எனக்கு இன்னும் ஒண்டும் பிடிபடேல்லை. ஆனால் நான் ஒண்டையும் திருப்பிக் கேக்கேல்லை. அவ்வளவுதான் இப்ப சொல்லலாம்.”

“டெல்சி அக்கா கேட்டால்?”

“தம்பீன்ர கோவை அங்கை இல்லையெண்டு சொல்லுவன்.”

அனுப்ப முன் விஜயரத்தினத்துக்குத் தொலைபேசி எடுத்து முழுக் கடிதத்தையும் தமிழில் வாசித்துக் காட்டினாள். ஒப்பம் அவருடையது, அவர் காதில் போடாமல் அனுப்புவது முறையல்ல.

“இரவெல்லாம் யோசிச்சுப் பாத்தன் தங்கச்சி,” என்றார். “அவவுக்கும் விடேல்லைத்தானே. கோவையோ, மற்றதோ. வாசலிலை நிப்பாட்டித் திருப்பினவங்கள்தானே. அந்த அழுகையை நான் என்னெண்டு திருப்பி எடுக்கிறது? ஆனால் அந்தப் படம்... எனக்குச் சரியான குழப்பமாய்க் கிடக்கு.”

“எனக்கும்தான் அண்ணை.”

“அதையும் எழுதினனீங்களோ?”

“எழுதியிருக்கிறன். ‘குழப்பமே உண்டு’ எண்டு.”

“அப்ப சரி. போடுங்கோ.”

அவள் கடிதத்தை மூன்றாக மடித்தாள். உறைக்குள் வைத்து, பசைப்பட்டியின் தாளை உரித்து, மடித்து ஒட்டி, விரல் நகத்தால் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை அழுத்தினாள். முத்திரையை நேராக ஒட்டினாள். தாயும் மகளும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். தெரு முனையில் மஞ்சள் தபால்பெட்டி. அதற்கு இரண்டு வாய். ஒன்று இந்த ஊர்க் கடிதங்களுக்கு, மற்றது வெளியூருக்கு. இவ்வளவு வருசமும் கண்ணை மூடிக்கொண்டு போட்டவள், இன்றைக்கு எது எதற்கென்று தெரியாமல் உறையைப் பிடித்தபடி நின்றாள். பிறகு ஒன்றுக்குள் பாதி நுழைத்தாள்.

“அம்மா, மற்றது,” என்றாள் தேனுஜா.

கமலநாயகி உறையை வெளியே இழுத்து, முகவரியை இன்னொருக்கால் வாசித்துவிட்டு, மற்ற வாய்க்குள் போட்டாள். அடியில் போய் விழுந்த சத்தம் கேட்டது.